பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஒரு இரும்புப் பெட்டி இறங்கியது. பச்சை பெயிண்ட் விளிம்பெல்லாம் உரிந்து, பூட்டு போகவேண்டிய இடத்தில் ஒரு கம்பி வளையம் மாட்டியிருந்தது. அடுத்து இரண்டு புளியங்கட்டைகள், கசாப்புக் கடையில் கிடக்குமே, அந்த மாதிரி கனத்த கட்டைகள். கடைசியில்தான் பெரியவர் இறங்கினார். எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அயனாவரத்தில்.

வில்லிவாக்கத்தில் எங்கள் தெரு குறுகல். இந்தப் பக்கத்துப் பால்கனியில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லிவிடலாம். நான் மாதவரத்தில் ஒரு லாரி ஆபீசில் பல வருஷம் கணக்கு எழுதியவன். ஆபீசை ஒட்டியே பட்டறை. ஸ்பேனர் விழும் சத்தத்துக்கு நடுவில்தான் பேரேடு போட்டேன். அதனால் அன்று காலை காபி டம்ளரோடு பால்கனியில் உட்கார்ந்தவன், இரண்டு நாளும் சாப்பாடு, தூக்கம், ஒரு தடவை பால் வாங்கப் போனது தவிர எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மாதமாகவே அந்த வண்டியின் குரல் மாறியிருந்தது. வெள்ளை மாருதி 800, 2004-ம் வருஷத்து வண்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் உறுமும், வண்டி அந்த உறுமலுக்கு ஏற்ற வேகம் பிடிக்காது. மேம்பாலம் ஏறுவதற்குள் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள் என்று அந்தப் பெண் ஒரு நாள் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தெருவில் ஒரு தீய்ந்த வாசனை நிற்கும். கருகின காகிதமும் சூடான ரப்பரும் கலந்த மாதிரி. பட்டறையில் அந்த வாசனை வந்தால் யாரும் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள். "கிளட்ச் அடிச்சிருச்சு" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

என்ஜின் ஓட ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் ஒரு தட்டு. அதுதான் கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் என்கிற மூடி அதை என்ஜினின் ஃபிளைவீலோடு வைத்து அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் பிடி விலகும். காலை மெல்ல எடுத்தால் தட்டு உரசி, வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினின் வேகத்துக்கு வந்து சேரும். அந்த உரசலில்தான் வண்டி குலுங்காமல் கிளம்புகிறது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தட்டு தன்னைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுக்கிறது. சென்னையின் சிக்னல்களில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளம்ப வேண்டியிருக்கிறது!

பெரியவர் வாங்கிய வண்டி அது. மூட்டுவலி வந்து ஓட்ட முடியாமல் போனபிறகு மகள் வீட்டுக்கு வந்தது. பட்டறையில் விட்டுவிடலாம் என்று மருமகன் சொன்னதும், "நானே வந்து கழட்டிப் பாக்கறேன், மாப்பிள்ளை" என்று இவர் சொன்னதும் போன வாரமே என் காதில் விழுந்திருந்தது. மருமகன் மறுக்கவில்லை. மாமனார் பேச்சை எப்படி மறுப்பது?

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு மாமா."

கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று வருஷமாக இந்த இருவருக்கும் இடையில் நான் கேட்ட பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். பெரியவர் வந்தால் மருமகன் எழுந்து நிற்பார். மருமகன் எழுந்தால் பெரியவர் "உக்காருங்க, உக்காருங்க" என்பார். பிறகு இரண்டு பேரும் டி.வி.யைப் பார்ப்பார்கள்.

வேலையும் அந்த மரியாதையில்தான் தொடங்கியது. பெரியவர் வேட்டியை அவிழ்த்து மடித்துத் திண்ணையில் வைத்தார். உள்ளே காக்கி அரைக்கால் சட்டை. சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுக்கக் குனிந்தார்.

"மாமா, நீங்க படுக்க வேணாம். நான் போறேன்."

"இல்ல மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரி..."

நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்துத் 'தெரியாது' என்று சொல்லலாமா? "உங்க சட்டை அழுக்காயிடும்" என்று முடித்தார். மருமகன் உள்ளே போய்க் கிழிந்த பனியனும் பழைய டிராக் பேன்ட்டுமாக வந்து நின்றார். யார் படுப்பது என்று முடிவாகாமல் இருவரும் வண்டியின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள்.

முட்டுக் கொடுக்கும் வேலையில் முதல் சிக்கல். பக்கத்தில் கட்டுகிற வீட்டிலிருந்து மருமகன் இரண்டு ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கிவந்து வைத்தார். பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கல்லைத் தன் பக்கம் இழுத்தார். சுத்தியலால் ஒரே தட்டு, ஓங்கிக்கூட அடிக்கவில்லை. மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தான் கொண்டுவந்த புளியங்கட்டையை எடுத்தார். மருமகன் இரண்டு கல்லையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். இந்த இடத்தில் பெரியவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஜாக்கி ஏற்றத்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போனவர்களைப் பற்றிப் பட்டறையில் கேட்ட கதைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். ஹேண்ட் பிரேக். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் கட்டை. கழற்றிய இடதுபக்கச் சக்கரத்தையும் படுக்கவைத்துக் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுக்கு அடியில் தள்ளினார். கட்டை நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

1983 டிசம்பரில் இந்த வண்டி முதன்முதலில் வந்தபோது பட்டறைக்காரர்கள் மிரண்டார்கள் என்று எங்கள் ஹெட் மெக்கானிக் சொல்வார். அம்பாசிடரும் ஃபியட்டும் பழகின கை. அவற்றில் என்ஜின் நீளவாட்டில் இருக்கும், பின்னாலேயே கியர் பாக்ஸ், அதற்குப் பின்னால் பின்சக்கரம் வரை நீண்ட தண்டு. மாருதி 800-ல் 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. கியர் பாக்ஸும் அதன் பக்கத்திலேயே குறுக்கே. இழுப்பது முன்சக்கரம். ஆகவே கிளட்சைப் பார்க்கவேண்டும் என்றால் முன்சக்கரத்துக்குப் போகிற இரண்டு தண்டுகளையும் பிடுங்கி, கியர் பாக்ஸைப் பக்கவாட்டில் நகர்த்திக் கீழே இறக்க வேண்டும். ஒரு சாண் தட்டை மாற்ற வண்டியின் பாதியைக் கழற்றுகிற வேலை. புது பிளேட்டின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. அந்தக் கூலி எதற்கு என்று இரண்டு நாள் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஆரம்பித்தார்கள். கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் தடி. பெரியவர் கழற்றக் கழற்ற மருமகன் இரண்டு காரியம் செய்தார். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுத்தார். கழற்றிய போல்ட்டை முட்டை அட்டையின் குழியில் போட்டு, குழியின் ஓரத்தில் பேனாவால் எழுதினார். 'ஸ்டார்ட்டர் மேல்.' 'ஸ்டார்ட்டர் கீழ்.' பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகள் போல்ட்டைத் தகர டப்பாவில் மொத்தமாகப் போட்டு, பிறகு கைக்குத் தெரிந்த கணக்கில் எடுத்து மாட்டுகிறவர்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பதினோரு மணிக்குமேல், கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்காமல் மருமகன் பக்கமாகக் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பதினாலு குடுங்க மாப்பிள்ளை."

மருமகன் பன்னிரண்டு-பதிமூன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கி, தப்பு என்று சொல்லாமல், போல்ட்டின் தலையில் வைத்துக் காட்டினார். வாய் சின்னதாக இருந்தது, உள்ளே போகவில்லை. மருமகன் தானே அதை வாங்கிக்கொண்டு பதினாலு-பதினைந்தைத் தேடிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் தவறவில்லை. சாயங்காலத்துக்குள் எண் சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. பெரியவரின் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கேற்ற ஸ்பேனர் போய் உட்கார்ந்தது.

கியர் ஆயிலை வடித்தார்கள். பழைய பெயிண்ட் டப்பாவில் கறுப்பாக, தேன் மாதிரி இறங்கியது. பெரியவர் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் திருப்பினார். விரல்நுனி மினுக்கியது, மீன் செதில் தூள் போல. இருபது வருஷத்துப் பல்சக்கரங்களின் தேய்மானம்.

இடதுபக்கத் தண்டு வர மறுத்தது. 'லோயர் ஆர்ம்' என்கிற கீழ்க்கையின் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தின் அச்சுக்கட்டையை வெளிப்பக்கம் சாய்த்து, கியர் பாக்ஸுக்கும் தண்டுக்கும் நடுவில் டயர் லிவரைக் கொடுத்து நெம்பினார் பெரியவர். இரண்டாம் நெம்பில் 'டக்'. உள்ளே இருக்கிற வளையம் விட்டுவிட்ட சத்தம். வலதுபக்கத் தண்டுக்கு லிவரை மருமகனிடம் கொடுத்தார். அது ஒரே நெம்பில் வந்தது. இருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை, பானெட் மறைத்தது. சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் மகள் வந்து கூப்பிட்டாள். "அப்பா, கையக் கழுவுங்க. ஏங்க, நீங்களும்." டீசலில் தேய்த்து, அதன்மேல் சலவைத்தூளைப் போட்டுத் தேய்த்து, குழாயடியில் இருவரும் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். "மொதல்ல நீங்க." "இல்ல மாமா, நீங்க." தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு அது நடந்தது.

என்ஜினுக்கு அடியில் ஒரு பலகை வைத்து ஜாக்கியால் தாங்கியிருந்தார்கள். கியர் பாக்ஸுக்கு அடியில் இன்னொரு சின்ன ஜாக்கி. தாங்குகிற மவுண்டிங்கைக் கழற்றியாயிற்று. சுற்றிலும் உள்ள போல்ட்டுகளும் வந்தாயிற்று. கைக்கு எட்டாத கடைசி ஒன்றுக்கு மட்டும் பெரியவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இனி கியர் பாக்ஸைக் கொஞ்சம் ஆட்டி இடதுபக்கம் இழுத்தால் அது என்ஜினை விட்டுப் பிரியும். இரண்டு பேரும் வண்டிக்கடியில் பாதி உடம்பு. நாலு கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

ஆட்டினார்கள். அரை அங்குலம் வந்தது. மறுபடி ஆட்டினார்கள். ஒரு அங்குலம். மூன்றாம் தடவை மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. சின்ன ஜாக்கி சாய்ந்தது.

"கைய எடுடா!"

தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பட்டறை நடுவில் இரும்புச் சத்தத்துக்கு மேலே போட்டுப் பழகின குரல். அதற்குப் பிறகுதான் கியர் பாக்ஸ் சாக்கின்மேல் விழுந்தது. 'தொப்' என்று, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி.

நாலு கால்களும் அசையவில்லை. நான் எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்தேன். பிறகு மருமகனின் கால் மடங்கியது. வெளியே வந்தார். வலது கையை விரித்து, மூடி, திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். "என்னப்பா? என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல பாப்பா. பாக்ஸ் எறங்கிடுச்சு."

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றார் மருமகனும்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பெரியவர் குழாயடிக்குப் போனார். முகம் கழுவினார், தண்ணீர் குடித்தார், மறுபடி முகம் கழுவினார். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. துண்டால் துடைக்கத் துடைக்க அவர் தோள் நடுங்கியதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையை 'டா' என்று கூப்பிட்டுவிட்ட நடுக்கமா, அந்தக் கை போயிருந்தால் என்கிற நடுக்கமா? இரண்டுமாகத்தான் இருக்கும். ஆபத்தில் வாய் மரியாதையைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல்தான் வந்தது.

திரும்பி வந்தவர் மருமகன் முகத்தைப் பார்க்காமல் நின்றார். வாயெடுத்து, "மாப்பிள்ளை, நான் ஏதோ..." என்றார்.

"மாமா, இப்ப இதத் திருப்பிப் போடணுமா?" என்று கேட்டார் மருமகன், கியர் பாக்ஸைக் காட்டி.

"ஆமா. அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார்கள்.

கிளட்ச் மூடியின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய பிளேட்டை எடுத்து மதில்மேல் வைத்தார்கள். அந்தி நேரத்தில் பால் வாங்கக் கீழே இறங்கியபோது அதைக் கிட்டத்தில் பார்த்தேன். நடுவில் பற்கள் வெட்டிய துளை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருள்வில்கள், சுத்தியலடி மாதிரி வருகிற இழுப்பை வாங்கிக்கொள்வதற்கு. வெளி வட்டத்தில் இரண்டு பக்கமும் லைனிங். புதிதில் அது தட்டின்மேல் தடிப்பாக நிற்கும், ஆணித்தலைகள் அதற்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். இதில் லைனிங் வறட்டி ஓரம் போலத் தேய்ந்து, ஆணித்தலைகள் மேலே வந்து பித்தளை நிறத்தில் பளபளத்தன. ஒரு இடத்தில் லைனிங் விரிசல் விட்டுக் கறுத்திருந்தது. அந்த வாசனை இன்னும் இருந்தது. இருபது வருஷத்தில் இதற்கு முன் எத்தனை பிளேட் மாறியதோ, இது கடைசியாக வந்து தன் வேலையை முழுக்க முடித்த பிளேட். தொடாமல் வந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் உதிரிபாகம் வாங்க மருமகன் பைக்கில் ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினார். "புதுப்பேட்டைப் பக்கம் போகாதீங்க மாப்பிள்ளை. கதவு, கண்ணாடின்னா அங்க பழசு வாங்கலாம். இது புதுசுதான் போடணும். பிளேட் மட்டும் வாங்காதீங்க, மூணும் சேத்து செட்டா வாங்குங்க." பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். தேய்ந்த பேரிங்கை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டால், ஆறு மாசத்தில் அந்தப் பேரிங்குக்காக மறுபடி இத்தனையும் கழற்ற வேண்டும். பழைய பேரிங்கைப் பெரியவர் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. மாவு மில் மாதிரி கொரகொரத்திருக்கும்.

ஞாயிறு காலை திண்ணையில் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். பெரியவர் பெட்டியின் பக்கவாட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "ஓசூர்" என்றார் திருப்தியாக. பெட்டியில் இருந்தது லூக் கிளட்ச். அதைச் செய்கிற தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது.

அன்று முற்பகல் முழுக்கச் சுத்தம் செய்கிற வேலை. மணி மாதிரி குடைந்த கியர் பாக்ஸின் வாய்க்குள் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. மருமகன் குனிந்து வாயால் ஊதப் போனார். பெரியவர் அவர் தோளைத் தொட்டார். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகத் தொட்டார். "ஊதாதீங்க. நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால துடைங்க." அவர் சொன்னது சரி. கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் வெகுகாலம் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பட்டறைகளில் காற்றுக் குழாயால் ஊதி ஊதி வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபிளைவீலின் முகத்தில் ஆங்காங்கே நீலம் பாரித்திருந்தது. சூட்டின் தழும்பு. பெரியவர் விரல் நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் புகுகிறதா என்று பார்த்தார். "லேத்துக்குப் போக வேணாம்" என்றார். உப்புத்தாளால் வட்டமாக அல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார்கள். என்ஜின் பக்கத்து ஆயில் சீலைச் சுற்றி விரலால் ஒரு சுற்று தடவி, விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

பிறகு இருவரும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார்கள். கிரீஸ் கையால் புது லைனிங்கைத் தொடக்கூடாது, எண்ணெய் பட்டால் அங்கேயே வழுக்க ஆரம்பிக்கும். மகள் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வெள்ளைத் துணி. அந்தத் துணியில் ஏந்தித்தான் புது பிளேட்டை எடுத்தார் பெரியவர். பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி.

"எந்தப் பக்கம் உள்ள போகும், மாப்பிள்ளை?"

மருமகன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் நடுவில் புடைப்பு அதிகம். தன் போனில் நேற்று எடுத்த படத்தைப் பார்த்தார். "இந்தப் புடைப்பு கியர் பாக்ஸ் பக்கம் வரணும் மாமா. இப்படி வச்சா ஃபிளைவீல் போல்ட்டுல இடிக்கும்."

பெரியவர் தலையாட்டினார். கேட்டது சோதனைக்கு அல்ல என்று எனக்குத் தோன்றியது. முதல் நாள் அவர் வாயில் பாதியில் நின்ற சொல்லுக்கு இன்று வழி செய்தார்.

அதற்குப் பிறகு இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்தார். பழைய மேசைக்கால். நுனி சுண்டுவிரல் கனம், கொஞ்சம் தள்ளிக் கட்டைவிரல் கனம், வழவழவென்று கடைந்திருந்தது. பிளேட்டின் துளையும் ஃபிளைவீலின் நடுத்துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பிறகு கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று கருவி விற்கிறார்கள். இவர் அளவெடுத்து மரத்தில் செய்துவைத்திருக்கிறார். அதைச் செருகிப் பிளேட்டை நிறுத்தி, மூடியை வைத்து, ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று இறுக்கினார்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே முறுக்கினால் மூடி கோணிவிடும். ஒரு போல்ட் பெரியவர், எதிர் போல்ட் மருமகன். யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை.

ஏற்றுவது இறக்குவதைவிடக் கடினம். பிற்பகல் மூன்று மணிக்குக் கியர் பாக்ஸைத் தூக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை சின்ன ஜாக்கியோடு ஒரு கயிறும். பானெட்டின் குறுக்கே கடப்பாரையைப் போட்டு அதிலிருந்து கயிறு தொங்கியது. கட்டியவர் மருமகன். முடிச்சைப் பெரியவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். தூக்கி, நேர் பார்த்து, தள்ளினால் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றுவிடும். இறக்கு. ஏற்று. தண்டைக் கொஞ்சம் திருப்பு. தள்ளு. நிற்கும். ஐந்து மணியாயிற்று. பெரியவரின் மூச்சு பால்கனிக்குக் கேட்டது. போல்ட்டை மாட்டி முறுக்கி இழுத்துவிடலாம் என்று பொறுமை இழந்தவர்கள் செய்வார்கள். உறை வெடித்துப்போகும்.

"மாமா, நீங்க வெளிய வாங்க. கொஞ்சம் உக்காருங்க. நான் பாக்கறேன்."

பெரியவர் வெளியே வந்தார். மறுப்பே இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மருமகன் தனியாக உள்ளே போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல்.

"மாமா, என்ஜின் இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. பெரிய ஜாக்கிய ஒரு சுத்து ஏத்துங்க."

பெரியவர் ஏற்றினார்.

"இன்னும் அரை."

ஏற்றினார். உள்ளே ஒரு உந்தல். 'சொர்ர்...' என்று எண்ணெயிட்ட இரும்புக்குள் இரும்பு இறங்குகிற சத்தம். இரண்டு முகங்களும் ஒட்டிக்கொண்ட சத்தம் அதற்கு அடுத்து, மெத்தென்று.

"போயிடுச்சு மாமா!"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வண்டிக்கடியில் நீட்டினார்.

மீதியை மளமளவென்று மாட்டினார்கள். ஒரே ஒரு இடத்தில், ஒரு ஒயரைப் பிடிக்கிற சின்னத் தகடு எங்கே போகும் என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை. "மாப்பிள்ளை, அந்தப் போட்டோவக் காட்டுங்க" என்றார். இருவரும் ஒரே போனின் வெளிச்சத்தில் தலையை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். முட்டை அட்டையின் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. புது கியர் ஆயில் ஊற்றினார்கள். கிளட்ச் கேபிளைத் திருகிப் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார் பெரியவர். முதல் ஒரு அங்குலம் பெடல் சும்மா இறங்கவேண்டும், அதற்குப் பிறகே கனம் தெரியவேண்டும். அந்தச் சும்மா இறங்கும் இடம் இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும். புது பிளேட்டும் சீக்கிரம் போகும்.

எட்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. மருமகன் ஓட்டினார், பெரியவர் பக்கத்தில், மகள் பின்னால். முதல் கியரில் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல் நகர்ந்தது. தெருமுனை திரும்பி, கண்ணுக்கு மறைந்து, இரண்டாவது, மூன்றாவது என்று குரல் மாறிப் போவதை இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ஜின் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு வண்டியும் ஓடியது.

திரும்பி வந்ததும் பெரியவர் நேற்றைய செய்தித்தாளை விரித்துக் கியர் பாக்ஸுக்கு நேர் கீழே, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார். ஆயில் கசிந்தால் காலையில் தெரியும். ஆட்டோ வந்தது. இரும்புப் பெட்டியை மருமகன் தூக்கிவைத்தார். புளியங்கட்டைகளையும். "வரேன் மாப்பிள்ளை." "சரிங்க மாமா, பாத்துப் போங்க."

திங்கள் காலை ஆறு மணிக்குப் பால்காரர் மணி கேட்டு எழுந்து வந்தேன். கோலம் இன்னும் போடவில்லை. மருமகன் லுங்கியோடு வாசலில் குந்தி உட்கார்ந்து, வண்டிக்கடியிலிருந்து செய்தித்தாளை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், விரலால் தடவி விரலைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"மாமா, எழுந்துட்டீங்களா? ... பேப்பர் காஞ்சிருக்கு மாமா. ... இல்ல, ஒரு சொட்டுகூட இல்ல. ... ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். ... சரி மாமா. சரி. இன்னும் ஒரு ராத்திரி விரிச்சே வைக்கறேன்."

செய்தித்தாளை அதே மடிப்பில் மறுபடி வண்டிக்கடியில் தள்ளி, நாலு மூலைக்கும் கல் வைத்தார்.